பள்ளிக்கூடத்துக்கே மார்க் போடுவது எப்படி?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு இன்னொரு பட்டியலும் வரும்: மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு. 2025இல் மாநிலத் தேர்ச்சி 93.80. சிவகங்கை 98.31 எடுத்து முதலிடம். மாநிலத்தில் முதலாவதாக வந்த மாணவர் யார் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017லேயே விட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது. மாவட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்தப் போட்டி இன்னும் ஓயவில்லை.

அந்தப் பட்டியலில் வடசென்னை என்று ஒரு வரி கிடையாது. வியாசர்பாடியும் அடையாறும், காசிமேடும் மயிலாப்பூரும் சேர்ந்து 'சென்னை' என்ற ஒரே எண்ணாக நிற்கும். அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக் எல்லாம் அதற்குள் அடக்கம். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகள் அதில் இல்லை. இப்படிப்பட்ட ஒரு எண்ணை வைத்து "வடசென்னைப் பசங்க படிப்புல பின்தங்கிட்டாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

தேர்ச்சி விழுக்காடு என்பது ஒரு கோடு. ஐந்து பாடங்களிலும் தலா 35 என்ற கோட்டைத் தாண்டியவர்களை எண்ணி, தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது வந்துவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது. 12 மார்க் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு கணக்கு டீச்சர் மாலை நேர வகுப்பு எடுத்து 31க்குக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். பெரிய சாதனை. தேர்ச்சி விழுக்காட்டில் அதற்குக் கிடைப்பது பூஜ்ஜியம். 34இல் இருந்த பிள்ளையை 35க்குத் தள்ளியவருக்கு முழுப் பலன். ஆகவே பள்ளி மீது நெருக்கடி வரும்போது கவனமெல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள்மேல் குவிகிறது. 80 எடுக்கிற பிள்ளையும் 8 எடுக்கிற பிள்ளையும் தனித்து விடப்படுகிறார்கள். இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவுகோல் எதை எண்ணுகிறதோ, உழைப்பும் அங்கேதான் போகும்.

வகுக்கிற எண்ணிலும் சிக்கல் உண்டு. எழுதியவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறோம், சேர்ந்தவர்களை அல்ல. ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிப் போனவர், இடையில் நின்று மெக்கானிக் ஷெட்டுக்கு வேலைக்குப் போனவர், ஹால் டிக்கெட் வந்தும் தேர்வு மையத்துக்கு வராதவர் என்று யாரும் இந்த வகுத்தலுக்குள் வருவதில்லை. பலவீனமான பிள்ளைகளை முன்கூட்டியே வெளியே அனுப்பும் பள்ளிக்கு விழுக்காடு ஏறும். யாரையும் விடாமல் பத்தாம் வகுப்புவரை பிடித்துக் கூட்டிவரும் பள்ளிக்கு இறங்கும். இரண்டில் எது நல்ல பள்ளி என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது எண்ணிக்கை செய்கிற வேலை. 'சென்டம் ரிசல்ட்' என்று வாசலில் பேனர் கட்டும் பள்ளிகளைப் பற்றியது இது. ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுபவர் 20 பேர், இன்னொன்றில் 400 பேர். இரண்டிலும் பாடம் நடத்தும் தரம் ஒன்றே, ஒவ்வொரு பிள்ளையும் தேர்ச்சி பெறும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் பள்ளியில் அத்தனை பேரும் தேறும் வாய்ப்பு, 0.9ஐ இருபது முறை பெருக்கினால் வருவது: ஏறக்குறைய 0.12. அதாவது இப்படி 100 சின்னப் பள்ளிகள் இருந்தால், எந்தத் தனிச் சிறப்பும் இல்லாமலே 12 பள்ளிகள் சென்டம் அடிக்கும். 400 பேர் பள்ளிக்கு அது நடக்கவே நடக்காது என்று சொல்லலாம்.

இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு தேர்வெழுதித் தவறினால் 5 விழுக்காடு போச்சு. பெரிய பள்ளியில் அது கால் விழுக்காடு. புள்ளியியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 20 பேர் பள்ளியின் விழுக்காடு வருடத்துக்கு வருடம் ஏழு புள்ளி அளவுக்கு மேலும் கீழும் ஆடுவது சாதாரணம். 400 பேர் பள்ளியில் ஒன்றரைதான். எண்ணிக்கை நான்கு மடங்கானால் ஆட்டம் பாதியாகும் என்பது விதி. எனவே பட்டியலின் உச்சியிலும் சின்னப் பள்ளிகள்தான் கூட்டமாக நிற்கும், அடியிலும் அவைதான். போன வருடம் சென்டம் எடுத்து இந்த வருடம் 90க்கு வந்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் முன்பு, எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம். மூன்று வருடப் பிள்ளைகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் 20 என்பது 60 ஆகும். ஆட்டமும் நான்கு புள்ளிக்குள் அடங்கும்.

இதெல்லாம் சரி செய்தாலும் பெரிய கேள்வி ஒன்று மிச்சம். மார்க்கில் பள்ளி கொடுத்தது எவ்வளவு, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தது எவ்வளவு? அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை இதைத்தான் பார்த்தது. ஏறக்குறைய 4,000 பள்ளிகள், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். பிள்ளைகளின் மார்க் வித்தியாசத்தைப் பள்ளியின் கட்டட வசதியைவிடக் குடும்பப் பின்னணி அதிகமாக விளக்குகிறது என்றது அந்த அறிக்கை. அதைப் படித்தவர்களில் சிலர் பள்ளியால் எதுவும் ஆகாது என்று முடிவு கட்டினார்கள். அது தவறான முடிவு. மொத்த மார்க்கைப் பார்த்துப் பள்ளியை எடைபோட முடியாது என்பதுதான் அதிலிருந்து எடுக்க வேண்டியது.

மாற்று வழி, வளர்ச்சியை அளப்பது. ஆறாம் வகுப்பில் ஒரே மாதிரி மார்க் வாங்கிய பிள்ளைகளை மாநிலம் முழுக்கத் திரட்டி, எட்டாம் வகுப்பில் அவர்கள் சராசரியாக எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அதுதான் எதிர்பார்ப்பு. உங்கள் பள்ளிப் பிள்ளைகள் அந்த எதிர்பார்ப்புக்கு மேலே போனார்களா, கீழே நின்றார்களா என்ற வித்தியாசத்தின் சராசரி, பள்ளி சேர்த்த மதிப்பு. ஓர் உதாரணத்துக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் 28 மார்க்கோடு நுழைந்து 41க்கு வருகிறார்கள். நகரின் வசதியான மூலையில் ஒரு பள்ளியில் 62 ஆக நுழைந்து 64 ஆகிறார்கள். தேர்ச்சிப் பட்டியலில் இரண்டாவது பள்ளி எங்கோ உயரத்தில் இருக்கும். கற்றுக்கொடுத்த பள்ளி முதலாவதுதான்.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளர் இப்படி வளர்ச்சியை அளக்க உருவாக்கிய முறை 1992இல் சட்டமாகவே ஆனது. ஃப்ளோரிடா 1999 முதல் பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை கிரேடு கொடுத்தது. பிறகு 2002இல் வளர்ச்சியையும் அதில் சேர்த்தது. இந்த முறையிலும் ஓட்டை உண்டு. இரண்டு மார்க்குகளின் வித்தியாசம் என்பதால் சின்னப் பள்ளியில் ஆட்டம் இன்னும் கூடும். அதே பிள்ளையை இரண்டு முறை அளந்தாக வேண்டும். நம் ஊரில் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தின் மூலம் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் இருப்பதால் அடித்தளம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வும் நடந்தது. ஆனால் குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு மறுகுடியமர்த்தப்பட்ட பிள்ளையின் வளர்ச்சியை யார் கணக்கில் எழுதுவது? ஒன்பது வருடம் படித்தது வடசென்னையில், பத்தாம் வகுப்பு எழுதுவது செங்கல்பட்டு மாவட்டத்தில்.

மாவட்டங்களுக்கு ஒன்றிய அரசு போடும் மார்க் வேறு விதம். மாவட்ட செயல்திறன் தரக் குறியீட்டில் மொத்தம் 600 புள்ளிகள், 83 அம்சங்கள். அதில் கற்றல் விளைவு உள்ளிட்ட பலன்களுக்கு 290. மிச்சம் வகுப்பறை நடைமுறை, கட்டட வசதி, பாதுகாப்பு, டிஜிட்டல் கற்றல், நிர்வாகம். 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் 'தக்ஷ்' என்ற உச்சத் தரம். எந்த அம்சத்துக்கு எத்தனை புள்ளி என்பது இயற்கை விதி அல்ல, ஒரு குழு உட்கார்ந்து எடுக்கும் முடிவு. மாநிலங்களுக்கான முதல் குறியீட்டில் 1000 புள்ளிகளில் நிர்வாகத்துக்கு 360, கற்றலுக்கு 180. கற்றலைவிட நிர்வாகத்துக்கு இரண்டு பங்கு! பின்னால் வந்த பதிப்பில் நிர்வாகம் 130 ஆகக் குறைந்து கற்றல் 240 ஆனது. பிள்ளைகள் அப்படியே இருக்க, எடையை மாற்றினாலே தரவரிசை மாறும்.

கற்றல் மார்க்குக்கு ஆதாரம் தேசிய அடைவு ஆய்வு. 2021 நவம்பர் 12இல் ஒரே நாளில் 720 மாவட்டங்களில் சுமார் 34 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். 2024 டிசம்பர் 4இல் பரக் என்ற பெயரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. இவை மாதிரி ஆய்வுகள். தேர்ந்தெடுத்த பள்ளிகளில் மட்டும் நடக்கும். மாவட்டத்தைப் பற்றிச் சொல்லப் போதுமானவை. கொருக்குப்பேட்டைக்கும் கொடுங்கையூருக்கும் என்ன வித்தியாசம் என்று இவற்றைக் கேட்டால் பதில் வராது.

அளவுகோலே ஆபத்தாகும் இடமும் உண்டு. ஒரு எண்ணை வைத்து எவ்வளவு பெரிய முடிவு எடுக்கிறோமோ, அந்த அளவுக்கு அந்த எண் கெட்டுப்போகும் என்று 1970களில் டொனால்ட் கேம்ப்பெல் என்ற உளவியலாளர் எழுதினார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் அது நடந்தது. விடைத்தாளில் தவறை அழித்துச் சரியாகத் திருத்திய தடங்கள் சில வகுப்புகளில் இயல்புக்கு மீறி இருந்ததை ஸ்கேனர் காட்டிக்கொடுத்தது. 44 பள்ளிகளில் முறைகேடு என்று 2011இல் மாநில விசாரணை சொன்னது. 2015இல் 11 கல்வியாளர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதம் எண்ணூரில் முதலில் எண்ணெய்க் கசிவு, பிறகு அமோனியா கசிவு. அந்த மாதத்தைத் தாண்டி வந்து பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகளும் மற்ற எல்லோரோடும் சேர்ந்து ஒரே விழுக்காட்டுக்குள் போனார்கள். இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க மாவட்டப் பட்டியல் உதவாது. பள்ளி அளவில் கேட்டால்தான் உண்டு. கேட்பதற்கு இடமும் இருக்கிறது: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் விழுக்காடு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், இரண்டு வருடம் முன்பு எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள், மூன்று வருடச் சராசரி என்ன, ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அந்தப் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் பதில் பள்ளியின் பதிவேட்டிலேயே இருக்கும். நான்காவதுக்கு இல்லையென்றால், வரும் ஜூனில் சேரும் பிள்ளைகளிலிருந்து எழுதிவைக்கத் தொடங்கலாம்.