லாக்கின் கடைசி வரியை அப்படியே நம்பாதீர்கள்

இரவில் ஓடும் ஒரு சி ப்ரோக்ராம் அடிக்கடி பாதியில் விழுந்துகொண்டிருந்தது. அதன் அவுட்புட்டை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பி விட்டிருந்தோம். ஒரு நாள் காலையில் திறந்து பார்த்தால் 615-வது பதிவைப் பற்றிய வரி, ஒரு சொல்லின் நடுவிலேயே அறுந்து நிற்கிறது. சரி, 615-ல்தான் ஏதோ வில்லங்கம் என்று அந்தப் பதிவையும் அதைக் கையாளும் ஃபங்ஷனையும் இரண்டு நாள் குடைந்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் தற்செயலாக ஃபைலின் அளவைப் பார்த்தேன்: 36,864 பைட். 4096-ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 9. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

சி-யில் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப்பைக் கூப்பிட்டதும் எழுத்து ஃபைலுக்குப் போய்விடுகிறது என்றுதான் நம்மில் பலரும் மனதுக்குள் வைத்திருக்கிறோம். அது செய்வது வேறு. எண்ணை எழுத்தாக்கி, வரியை ஒட்டி, உங்கள் ப்ரோக்ராமின் மெமரியிலேயே இருக்கும் ஒரு பஃபரில் (தற்காலிகத் தேக்கிடம்) கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவுதான். பஃபர் நிறைந்தால்தான் ரைட் என்ற சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்திடம் வைக்கும் கோரிக்கை, போகும், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். லினக்ஸில் சாதாரண ஃபைலுக்கு இந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட். எங்கள் வரி ஒவ்வொன்றும் சுமார் 60 பைட் என்பதால் 68 வரிக்கு ஒரு சிஸ்டம் கால் போதும், வரிக்கு வரி கர்னலைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ப்ரோக்ராம் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக் கூடாத மெமரியைத் தொட்ட பிழை) செத்தால் பஃபரில் இருந்ததும் கூடவே போய்விடும். கில் செய்தாலும் இதே கதை. மெயின் ஒழுங்காக முடிந்தாலோ எக்ஸிட் கூப்பிட்டாலோ மட்டும்தான் லைப்ரரி மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டுப் போகும்.

நல்லவேளையாகக் கோர் ஃபைல், அதாவது சாகும்போது ப்ரோக்ராமின் மெமரியில் இருந்ததன் நகல், இருந்தது. அதில், எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டினால், காணாமல் போன வரிகள் வரிசையாக அங்கேயே கிடக்கின்றன! உண்மையில் விழுந்த இடம் 671. அந்தப் பதிவில் தேதி காலியாக இருந்தது, யாரும் சோதிக்காமல் அதன் மெமரி முகவரியைச் சொல்லும் பாயின்டரைத் தொட்டிருந்தார்கள் (யாரும் என்றால் நான்தான்).

இதை எங்கள் மெஷினில் கையால் ஓட்டியபோது கடைசி வரி சரியாகத்தான் வந்தது. அதுதான் குழப்பத்தின் வேரே. ப்ரோக்ராமின் வழக்கமான வெளியீட்டு வழியான ஸ்டாண்டர்டு அவுட் டெர்மினலுக்குப் போனால் புதுவரிக் குறி வந்தவுடன் வெளியே தள்ளும், ஃபைலுக்கோ, இன்னொரு ப்ரோக்ராமுக்குக் கடத்தும் பைப்புக்கோ போனால் பஃபர் நிறையும்வரை காத்திருக்கும், பிழைச் செய்திகளுக்கான ஸ்டாண்டர்டு எரர் மட்டும் சி-யில் எங்கே போனாலும் உடனுக்குடன் போகும். அதனால்தான் இரண்டையும் ஒரே ஃபைலுக்குத் திருப்பினால் எரர் வரி முதலில் வந்து, அதற்கு முன் நடந்தது பின்னால் வந்து, வரிசை தலைகீழாகத் தெரிகிறது. நேரம் போட்டு எழுதாத லாக்கில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஓடும் ப்ராசஸை நகலெடுத்து இரண்டாக்கும் ஃபோர்க் இன்னும் வேடிக்கை. "தொடக்கம்" என்று புதுவரியோடு ஒரு வரி அச்சிட்டுவிட்டு ஃபோர்க் செய்யுங்கள், இரண்டு ப்ராசஸும் சாதாரணமாக முடியட்டும். டெர்மினலில் ஒருமுறை வரும். ஃபைலுக்குத் திருப்பினால் இரண்டு முறை வரும், ஏனென்றால் காலியாகாத பஃபரும் சேர்ந்தே நகலாகிவிட்டது, ஆளுக்கொரு முறை அதைக் கொட்டுகிறார்கள். ஃபோர்க்குக்கு முன்னால், பஃபரை உடனே காலி செய்யும் எஃப்ஃப்ளஷ் ஒன்று போட்டால் தீர்ந்தது.

சி எழுதாதவர்கள் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் பிரிண்ட்டும் பைப்புக்குப் போகும்போது இப்படித்தான் சேர்த்து வைக்கும். கன்டெய்னரில் லாக்கே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் பஃபர் வேண்டாம் என்று சொல்லும் மைனஸ் யூ (-u) போட்டு ஓட்டிப் பார்க்கலாம். கோ மொழியில் நேர் எதிர், சும்மா பிரிண்ட் செய்தால் பஃபரே கிடையாது. வேகத்துக்காகப் பஃபர் தரும் பஃப்ஐஓ பேக்கேஜைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஃப்ளஷ் கூப்பிட மறந்தால் வால் பகுதி காணாமல் போகும், ஃபங்ஷன் முடியும்போது ஓடும் டிஃபரில் போட்டிருந்தாலும், ப்ரோக்ராமை உடனே முடிக்கும் ஓஎஸ் எக்ஸிட் அதைக் கண்டுகொள்ளாது. சி++ காரர்கள் பழக்கதோஷத்தில் வரிக்கு வரி என்ட்எல் போடுவார்கள். அது புதுவரியோடு ஃப்ளஷும்தான், பத்து லட்சம் வரி எழுதும் லூப்பில் போட்டுவிட்டு ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று கேட்பார்கள்.

உள்ளே வரும் பக்கமும் இதே குணம்தான். ஜாவாவில் ஒரே உள்ளீட்டின் மேல் இரண்டு ஸ்கேனர் (உள்ளீட்டைப் படிக்கும் கருவி) திறந்தால், கையால் தட்டிப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும், டெர்மினல் வரி வரியாகத்தானே கொடுக்கிறது. ஃபைலிலிருந்து கொடுத்தால் முதல் ஸ்கேனர் தனக்குத் தேவையானதற்கு மேலேயே அள்ளித் தன் பஃபரில் வைத்துக்கொள்ளும், இரண்டாவதற்கு மிச்சம் இருக்காது. சி-யில் உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் விட்டுவைத்த புதுவரியைத் துடைக்க, உள்ளீட்டு வழியான ஸ்டாண்டர்டு இன் மேல் எஃப்ஃப்ளஷ் போடும் வழக்கம் ஒன்று உண்டு. சி தரவரையறை அதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. விட்டுவிடுங்கள்.

லாக் எழுதும் ஃபைலை நான் இப்போதெல்லாம் பஃபர் முறையை மாற்றும் செட்விபஃப் கொண்டு வரிக்கு வரி தள்ளும் முறைக்கு மாற்றிவிடுகிறேன், திறந்தவுடனே, முதல் வரி எழுதுவதற்கு முன்பே. பெரிய ரிப்போர்ட் ஃபைலைத் தொடுவதில்லை, அங்கே முழு பஃபர்தான் நியாயம். எஃப்ஃப்ளஷ் போட்டால் டிஸ்க்கில் பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். அது கர்னல் வரைக்கும்தான் கொண்டுபோகும். ப்ரோக்ராம் செத்தால் பயமில்லை, ஆனால் மின்சாரம் போனாலும் நிற்க வேண்டிய தரவென்றால் அதன் பிறகு, டிஸ்க்குக்கே எழுதச் சொல்லும் எஃப்சிங்க் வேண்டும்.

கடைசியாக ஒன்று, பெரும்பாலோர் தொடாத இடம். டிஸ்க் நிறைந்திருக்கும்போதும் பிரிண்ட்எஃப் வெற்றி என்றே சொல்லக்கூடும், அது பஃபரில் வைத்ததோடு வேலை முடிந்தது. பிழை வெளிப்படுவது பஃபர் காலியாகும்போது, சின்ன ஃபைலென்றால் அதை மூடும் எஃப்குளோஸில், அதன் திருப்பு மதிப்பை யார் பார்க்கிறார்கள்? லினக்ஸில் ஒருமுறை செய்து பாருங்கள்: சி-யில் எழுதிய ஹலோ வேர்ல்டின் அவுட்புட்டை /டெவ்/ஃபுல் என்ற சாதனத்துக்குத் திருப்புங்கள், அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்றுதான் பதில் வரும். ஒரு எழுத்துகூடப் போய்ச் சேர்ந்திருக்காது, ப்ரோக்ராம் மட்டும் எல்லாம் சுபம் என்று 0 திருப்பிவிட்டு முடிந்திருக்கும். பைத்தான் 3.6 முதல் இதே இடத்தில் 120 என்ற பிழை எண்ணைத் திருப்புகிறது.