செக்ரிகேஷன்: பிரிவினையா, ஒதுக்கலா?

1963 ஜனவரி 14. அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், 'செக்ரிகேஷன் இப்போதும், நாளையும், என்றென்றும்' என்று முழங்கினார். கறுப்பரை வெள்ளையரிடமிருந்து சட்டம் போட்டுத் தனியே வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். மூன்றே மாதத்தில், அதே மாநிலத்தின் பர்மிங்காம் சிறையிலிருந்து கறுப்பின உரிமைப் போராளி மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் அந்தச் சொல்லை நேருக்கு நேர் எதிர்த்து நின்றது.

வேர் லத்தீன். 'கிரெக்ஸ்' என்றால் மந்தை, 'சே' என்றால் தனியே. மந்தையிலிருந்து ஆட்டைப் பிரித்துத் தள்ளி நிறுத்துவதுதான் முதல் பொருள். தேவாலயச் சபையைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' பிறந்ததும் இதே மந்தையில்தான். போதகரான கிங் அந்தக் கடிதத்தை எழுதியதும், அவசரப்படாதீர்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு மதகுருமார்களுக்கு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பலர் 'இனப் பிரிவினை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாகப்பிரிவினை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பொய்யும் அதுதானே? கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டி என்ற லூசியானா சட்டத்தை, 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற வாதத்தால் செல்லும் என்றது. பள்ளிகளைப் பொறுத்தவரை அது தவறு என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1954 ஆகிவிட்டது.

கிங்கின் கடிதத்தில் ஓர் இடம். தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக முடியாதா என்று ஆறு வயது மகள் கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல வரும் தகப்பனுக்கு நாக்கு குழறுகிறது, பிள்ளைக்குக் கண் கலங்குகிறது. இதைப் பிரிவினை என்று சொல்ல மனம் வருமா? இது ஒதுக்கல். 'ஊரை விட்டு ஒதுக்கி வைத்தார்கள்' என்னும்போதே ஒதுக்கியவர் யார், ஒதுக்கப்பட்டவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

கிங்கே இதற்குச் சாட்சி. 1959-ல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் தன்னை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியதாக 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். முதலில் அதிர்ந்தாராம். அப்புறம் யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார்.

ஆகவே 'இன ஒதுக்கல்' என்றே எழுதுவோம். தென்னாப்பிரிக்க அபார்தைட்டுக்கும் இதே சொல் வழங்குகிறது. குழப்பம் வரும் இடத்தில் நாட்டின் பெயரைச் சேர்த்தால் போதும். டீசெக்ரிகேஷனுக்கு 'ஒதுக்கல் ஒழிப்பு'. தீண்டாமை ஒழிப்பு என்று நமக்கு ஏற்கெனவே பழகிய வடிவம்தான்.