சர்ஃபிங் என்னும் அலைச்சறுக்கு: சொல்லும் பொருளும்

கரையை நோக்கி வரும் அலையின் சரிவில், ஒரு பலகைமேல் படுத்தோ மண்டியிட்டோ நின்றோ சறுக்கி வருவதுதான் சர்ஃபிங். தமிழில் அலைச்சறுக்கு என்கிறோம். அலைச்சவாரி, அலையேற்றம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலங்கைச் செய்திகளில் நீர்ச்சறுக்கு என்றும் வரும். இன்று இந்த விளையாட்டைத் தியானத்தோடும் மைண்ட்ஃபுல்னஸ் என்னும் மனவிழிப்போடும் இயற்கையோடும் சேர்த்துப் பேசுபவர்கள் பலர். அந்தச் சேர்க்கை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், விளையாட்டு வளர்ந்த ஹவாய்த் தீவுகளுக்குத்தான் போக வேண்டும்.

ஹவாய் மொழியில் இதன் பெயர் ஹெஎ நலு. ஹெஎ என்றால் சறுக்குதல், வழுக்கிச் செல்லுதல். உருகி ஓடுவதற்கும் அதே சொல்தான். எட்டுக்கால் கணவாய்க்கும் அதே பெயர்தான். நலு என்றால் அலை. அதே நலுவுக்கு ஆழ்ந்து எண்ணுதல், ஒன்றை மனத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தல் என்றும் பொருள் உண்டு. கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரையும் நலு என்பார்கள். ஹெஎ நலு என்று சொன்ன ஒவ்வொருவரும் தியானத்தை நினைத்துத்தான் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சு வழக்கில் அது அலையில் சறுக்குவதுதான். ஆனாலும் அலைக்கும் சிந்தனைக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த மக்கள் அவர்கள்.

தமிழிலும் அலை மனத்தோடு சேரும், வேறு விதமாக. அலைதல், அலைச்சல், அலைக்கழிப்பு, அலைபாயும் மனம் என்று நம் சொற்களில் அலை வந்தாலே நிம்மதி போய்விடுகிறது. ஹவாய் மொழியில் அலை எண்ணத்தை ஆழமாக்குகிறது, தமிழில் சிதறடிக்கிறது. இரண்டுமே கடலை நன்றாகப் பார்த்தவர்களின் சொற்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஹவாய் மக்கள் அலையை அணுகிய விதத்திலும் இதைப் பார்க்கலாம். பலகைக்கு மரம் வெட்டும் முன், குமு என்னும் சிவப்பு மீன் ஒன்றை அடிமரத்தருகே காணிக்கையாக வைத்து வேண்டிக்கொள்வார்களாம். கோவா என்னும் ஹவாய் மரத்தில் செய்த அலாயா பலகை பலருக்கும். ஓலோ என்னும் நீண்ட பலகை தலைவர்களுக்கு. கடல் அலையில்லாமல் கிடந்தால் பொஹுஎஹுஎ என்ற கொடியை அறுத்து, அதால் நீரை அடித்தபடி, ‘எழுந்து வா’ என்று பெரிய அலைகளைக் கூப்பிடுவார்கள். இந்தக் கொடி நமக்குப் புதிதல்ல. கடற்கரை மணலில் ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாகப் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியேதான் அது. சங்க காலத்து நெய்தல் பாடல்களில் அடும்பு என்று வரும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று ஈழத்தில் பழமொழியே உண்டு. நம் நெய்தல் நிலத்துக் கொடியை வைத்து அங்கே அலையை அழைத்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

வெளியார் பதிவுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1777இல் பசிபிக் கடலின் தாஹித்தித் தீவில் எழுதப்பட்டது. ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன், ஒரு மனிதர் சிறு ஓடத்தில் அலை பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்த மனிதர் அலை உருவாகும் இடம்வரை போய், ஒவ்வொரு அலையையும் கூர்ந்து பார்த்து, சரியானது வந்ததும் வேகமாக வலித்து அதன்மேல் வருகிறார், திரும்பவும் போகிறார். கரையில் வெள்ளையரின் கூடாரங்களையும் கப்பல்களையும் வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருக்கிறது. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அலை தன்னை அப்படி வேகமாகவும் மென்மையாகவும் கொண்டுபோவதில் அவருக்குக் கிடைத்தது உச்சமான இன்பம் என்று ஆண்டர்சன் முடிவுக்கு வருகிறார். இத்தகைய அசைவு சில வேளை இசையைப் போலவே மனக்கலக்கத்தை ஆற்றும் என்றும் எழுதுகிறார். மைண்ட்ஃபுல்னஸ் என்ற பேச்சே இல்லாத காலத்துக் குறிப்பு இது.

1820இல் கிறித்தவ மிஷனரிகள் ஹவாய் வந்தபின் அந்த நூற்றாண்டில் இந்தப் பழக்கம் மிகவும் தேய்ந்தது. புது நோய்களால் மக்கள்தொகை சரிந்ததும் பெரிய காரணம். பிறகு அதை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் டியூக் கஹானமோக்கு. 1912 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் அவர்.

சரி, சர்ஃப் என்ற ஆங்கிலச் சொல்? அதன் மூலம் இன்னும் தீரவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அது எழுத்தில் வரத் தொடங்கியபோது இந்தியக் கடற்கரையைப் பற்றித்தான் பேசியது. கரையோரத்தில் நுரைத்து உடையும் அலைகளுக்கு அது பெயர். சென்னையில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் தொலைவில்தான் நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஆட்களையும் சரக்கையும் அந்த உடையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தன. அந்த இடத்துக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: அலைவாய். திருச்செந்தூரின் பழம்பெயரான திருச்சீரலைவாயில் அது இன்றும் வாழ்கிறது.

இனி, சறுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? எங்கோ வீசிய புயற்காற்று எழுப்பிய அலை நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது உடைகிறது. அது எங்கே உடையும் என்பதைக் கடலடி மணலும் பாறையும், கடல் ஏறி இறங்கும் ஓதமும் முடிவு செய்கின்றன. காற்றும் முக்கியம். இலங்கைக் கிழக்குக் கரையில், பொத்துவில்லை அடுத்த அறுகம்பையில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அலைப்பருவம். அப்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கச்சான் காற்று, வரும் அலையின் முகத்தைச் சிதறவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கும்.

அலைமேல் நிற்பது சில விநாடிதான். மற்ற நேரமெல்லாம் கையால் நீரை வலிப்பதும், பலகைமேல் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்திருப்பதும்தான். அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஓயும். தூரத்தில் நீர் லேசாகத் தடித்து இருண்டால் திரும்பிப் படுத்து வலிக்க வேண்டும். பலகையின் பின்பக்கம் தூக்கும். அந்தக் கணத்தில் கைகளை ஊன்றி எழ வேண்டும். அரை விநாடி முந்தினால் அலை விட்டுவிட்டுப் போய்விடும். பிந்தினால் பலகையின் மூக்கு நீரில் குத்தி விழ வேண்டியதுதான். காலைப் பார்த்தாலும் விழுவோம். போகிற திசையைப் பார்க்க வேண்டும். நேற்றைய சண்டையை நினைக்க அங்கே இடமில்லை. தியானத்தில் முயன்று கொண்டுவரும் கவனத்தை இங்கே கடல் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இதை உடற்பயிற்சி என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மைண்ட்ஃபுல்னஸுக்கும் ஒரு சொல் வேண்டும். கணினி மொழிபெயர்ப்புகள் நினைவாற்றல் என்று போட்டுவிடுகின்றன. பிழைதான், ஆனால் காரணம் உண்டு. பௌத்த நூல்களின் பாலி மொழியில் உள்ள சதி என்ற சொல்லை 1881இல் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் மைண்ட்ஃபுல்னஸ் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தார். சதியின் வேர்ப்பொருள் நினைவு, மறவாமை. புத்தரின் எண்வழியில் வரும் இந்த உறுப்பைத் தமிழில் நற்கடைப்பிடி என்பார்கள். கடைப்பிடி என்றால் இன்று பின்பற்றுதல் மட்டும்தான் நினைவுக்கு வரும். பழைய உரைகளில் அதற்குப் பொருள் ‘கொண்ட பொருள் மறவாமை’. சதிக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. பொது வாசகருக்கு எழுதும்போது மனவிழிப்பு என்பது எளிதில் விளங்கும்.

சர்ஃபிங்குக்கு என் தேர்வு அலைச்சறுக்கே. ஹெஎ நலுவின் இரண்டு பாதியும் அதில் அப்படியே இருக்கின்றன. சவாரி என்றால் அலையை அடக்கி ஓட்டுவதுபோல் ஆகிவிடும்; அலை யாருக்கும் அடங்குவதில்லை. நீர்ச்சறுக்கு, படகு இழுக்கச் சறுக்கும் வேறொரு விளையாட்டோடு குழம்பும். இணையத்தில் சர்ஃபிங் என்றால் உலாவுதல்; அதைச் சறுக்கோடு சேர்க்க வேண்டாம். பலகையைச் சறுக்குப்பலகை என்றும் ஆளை அலைச்சறுக்கர் என்றும் சொல்லலாம். போட்டியில் இறங்குபவரை வீரர் என்பது பொருந்தும். விடியலில் தனியாகக் கடலுக்குப் போகிறவருக்குச் சறுக்கர் போதும். சென்னையை அடுத்த கோவளத்து மீனவ இளைஞர்களிடம் போய் இதைச் சொன்னால் சர்ஃபிங், போர்டு என்றுதான் பதில் வரும், அதுவும் இருக்கட்டும். அவர்கள் வாயில் அலைச்சறுக்கும் ஏற வேண்டுமானால், பயிற்சிப் பள்ளிகளின் பலகைகளிலும் போட்டி அறிவிப்புகளிலும் முதலில் அது எழுதப்பட வேண்டும்.