வெள்ளிக்கிழமைக்கு 50 கோடி

"ரூபாய் நம்முடையதுதானே, அச்சடித்துக்கொள்ளாமல் அரசு ஏன் கடன் வாங்குகிறது?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். அருமையான கேள்வி. ஏறத்தாழ 42 ஆண்டுகள் இந்திய அரசு அதற்கு நிகரான ஒன்றைத்தான் செய்துவந்தது.

வரவைச் செலவு மிஞ்சினால் பற்றாக்குறை, அதை அடைக்கக் கடன். இவ்வளவும் பள்ளிப் பாடம். யாரிடம் கடன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1955-இல் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. வங்கியிலுள்ள அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் 50 கோடி ரூபாயும் மற்ற நாட்களில் 4 கோடியும் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அரசின் பெயரில் 91 நாள் கருவூல உண்டியல், அதாவது 91 நாளில் திருப்பித் தர வேண்டிய கடன் சீட்டு, தானாகவே உருவாகும். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்ததும் மிதவை தாழ்ந்து குழாய் திறந்துகொள்ளுமே, அதே பொறியமைப்பு! தொட்டிக்காவது கிணற்றிலிருந்து நீர் வரும். இந்தப் பணமோ வேறெங்கும் இருந்ததில்லை. வங்கி தன் பேரேட்டில் ஒருபுறம் உண்டியலைச் சொத்தாக எழுதும், மறுபுறம் அதே தொகையை அரசுக் கணக்கில் வரவு வைக்கும். அந்த இரண்டு வரிகளில் புதுப்பணம் பிறந்துவிடும். சந்தையில் நெல்லும் துணியும் அதே அளவில் இருக்க, வாங்க வரும் பணம் மட்டும் பெருகினால் விலை ஏறத்தானே செய்யும்?

91 நாள் முடிந்ததும் இன்னோர் உண்டியல். 1974 முதல் அதன் வட்டி 4.6 சதவீதத்திலேயே நின்றது. கடன் உறைக்கவே இல்லை.

1994-இல் இதற்கு உச்சவரம்பு வந்தது. 1997 ஏப்ரலில் குழாயே அடைக்கப்பட்டது. நிலுவை உண்டியல்கள் முதிர்வுத் தேதியில்லாத சிறப்புப் பத்திரங்களாயின. அவசரத்துக்கு வழிவகை முன்பணம், அதாவது வரம்பும் கெடுவும் வைத்து ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடன், மட்டும் மிஞ்சியது. பற்றாக்குறைக்கு இலக்கு வைக்கும் 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தால், 2006 ஏப்ரல் முதல் அரசுக் கடன்பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதும், சில விதிவிலக்குகள் தவிர, நின்றது. இன்று அரசு ஏலத்துக்குப் போகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வட்டி கேட்கின்றன.

பற்றாக்குறை ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு கடனுக்கும் விலை கண்ணுக்குத் தெரிகிறது. சிக்கனச் சுற்றறிக்கைகள் ஆயிரம் சேர்ந்தாலும் இதைச் சாதித்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. பற்றாக்குறை இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியில் சம்பளத்திலோ வட்டியிலோ கைவைக்க முடியாது. சத்தமில்லாமல் தள்ளிப்போடக்கூடியது ஆய்வு நிதிதான். அந்த நிதிக்கும் வெள்ளிக்கிழமை இருப்பைப் போல ஒரு குறைந்தபட்ச அளவைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.