மாத்திரை அட்டையில் கியூஆர் குறியீடு: விதி சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் பெருவாரியாக விற்கும் 300 மருந்து பிராண்டுகளில், 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் தயாராகும் தொகுதியிலும்) கியூஆர் குறியீடோ பார்கோடோ இருந்தாக வேண்டும். 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 96-ஆவது விதியைத் திருத்தி, 2022 நவம்பர் 17 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இதை அறிவித்தது. பிராண்டுகளின் பட்டியல் அந்த விதிகளின் ‘எச்2’ அட்டவணையில் இருக்கிறது. டோலோ, கால்பால், அலெக்ரா, தைரோநார்ம் என வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் பெயர்கள்தான் பலவும். குறியீடு மாத்திரை அட்டையிலேயே இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில்.

ஸ்கேன் செய்தால் எட்டு விவரங்கள் வர வேண்டும்: தயாரிப்பின் அடையாளக் குறியீடு, மருந்தின் பொதுப்பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, உரிம எண்.

தொழிற்சாலையில் கேமரா வைக்க வேண்டும் என்று இந்தத் திருத்தம் சொல்லவில்லை. ஆனால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள் ஓடும் வரிசையில் கியூஆர் குறியீட்டைக் கண்ணால் படித்துச் சரிபார்ப்பது நடக்காத காரியம். அதனால் அச்சிடும் இடத்தை அடுத்தே கேமரா நிற்கிறது. குறியீட்டைப் படித்து, அன்றைய பேட்ச் விவரத்தோடு ஒப்பிடுகிறது. பக்கத்தில் எழுத்தில் அச்சான காலாவதி தேதியையும் பார்க்கிறது. பொருந்தாத அட்டையைக் காற்றுத் தாரை ஒன்று பூட்டிய பெட்டிக்குள் தள்ளுகிறது. தள்ளப்பட்டது உண்மையிலேயே உள்ளே விழுந்ததா என்று பார்க்கத் தனியாக ஒரு சென்சார். அலுமினியத் தாள் வெளிச்சத்தில் பளபளத்துக் கேமராவை ஏமாற்றும். ஆகவே பாதி வேலை கேமராவில் இல்லை, விளக்கை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில் இருக்கிறது.

ஒழுங்காக நடக்கும் ஆலையில் வேலை தொடங்கும்போது வேண்டுமென்றே பழுதான அட்டைகளை ஓட விடுவார்கள்: ஒரு குழியில் மாத்திரை இல்லாதது, தேதி கலைந்தது, வேறு பேட்ச் குறியீடு கொண்டது. ஒன்று தப்பினாலும் வரிசை நிற்க வேண்டும். கடைசியாகச் சோதனையில் தேறிய நேரத்துக்குப் பிறகு வந்த சரக்கு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரி கேமராவின் விலையையோ பெருமையையோ கேட்க வேண்டாம், இந்தச் சோதனைப் பதிவேட்டைக் கேட்டால் போதும் என்பேன். மருந்து ஆலைகளின் தயாரிப்பு முறைகளுக்கு விதி சொல்லும், 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட ‘எம்’ அட்டவணையும் கருவிகள் சரியாக இயங்குவதற்கு எழுத்து ஆதாரம் கேட்கிறது.

வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எட்டு விவரங்களில் அட்டைக்கு அட்டை மாறும் வரிசை எண் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டிதோறும் தனி எண் உண்டு. இங்கே போலி தயாரிப்பவன் ஒரு நல்ல அட்டையின் குறியீட்டை அப்படியே நகலெடுத்தால் கைப்பேசி அதையும் படித்துக் காட்டும். எனவே ஸ்கேனில் வரும் பேட்ச் எண்ணும் தேதியும் அட்டையில் அச்சானவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் கொடுங்கள்.

நான்கு மாத்திரை மட்டும் வாங்குபவர்களுக்கு: கடைக்காரர் அட்டையை வெட்டும்போது குறியீடு பெரும்பாலும் மீதித் துண்டோடு போய்விடும். வெட்டுவதற்கு முன்பே முழு அட்டையைக் கையில் வாங்கி ஸ்கேன் செய்துவிடுங்கள்.