பைண்ட் யூசர் கட்டத்தில் டொமைன் அட்மினை எழுதாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைப் பரிசோதிக்கப் போகும் இடமெல்லாம் ஒரே காட்சி. ஊழியர்களின் லாகின் பதிவுகளை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரோடு இணைக்கும் பக்கத்தைத் திறந்தால், மென்பொருள் அந்தச் சர்வரில் நுழையப் பயன்படுத்தும் பைண்ட் யூசர் என்ற கட்டத்தில், எல்லா அதிகாரமும் உள்ள டொமைன் அட்மின் அக்கவுண்ட். போன வாரமும் அதேதான். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“எல்லாருடைய பாஸ்வேர்டையும் சரிபார்க்கணுமே, அதுக்குப் பெரிய அதிகாரம் வேண்டாமா?” என்கிறார்கள். வேண்டாம். மென்பொருள் யாருடைய பாஸ்வேர்டையும் எடுத்துப் பார்ப்பதில்லை. டைரக்டரியோடு பேசும் முறையான எல்டாப் (LDAP) வழியாக டொமைன் அட்மினே கேட்டாலும், மைக்ரோசாஃப்டின் டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரி அதைக் காட்டாது. பைண்ட் யூசருக்கு உள்ள வேலை ஒன்றுதான்: லாகின் பெயரை வைத்து, அந்த ஆளின் பதிவு எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது. பதிவு கிடைத்ததும், அதன் முழு முகவரியையும் அவர் தட்டிய பாஸ்வேர்டையும் கொடுத்து மென்பொருள் மறுபடி ஒரு பைண்ட், அதாவது நுழைவு முயற்சி, செய்கிறது. தீர்ப்புச் சொல்வது டைரக்டரி சர்வர். பாஸ்வேர்டு சரி என்றால் பதில் எண் 0, தவறு என்றால் 49. தேடுவதற்கு, டொமைன் யூசர்ஸ் குரூப்பில் மட்டும் இருக்கும் சாதாரண அக்கவுண்ட் தாராளமாகப் போதும்.

பெரிய அக்கவுண்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? முகவரி மாறும்போது பாஸ்வேர்டை மறுபடி கேட்காத மென்பொருள்கள் உண்டு. அவற்றில் அட்மின் உரிமை பெற்ற எவரும் சர்வர் முகவரியைத் தன் லேப்டாப்புக்கு மாற்றி, டெஸ்ட் பட்டனை அழுத்தினால், சேமித்து வைத்த பாஸ்வேர்டு அப்படியே அவர் கைக்கு வந்துவிடும். சுவிட்ச் பார்க்க வந்தவர் சம்பளப் பட்டியல் வரை போகலாம். தனிநபர் தகவல்களுக்குத் தகுந்த பாதுகாப்பு வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் (POPIA) 19ஆம் பிரிவு சொல்கிறது. அதை நினைவில் வையுங்கள்.

“உள் நெட்வொர்க்தானே” என்று, மறையாக்கம் இல்லாத வெறும் 389ஆம் போர்ட்டில் விடாதீர்கள். மறையாக்கத்தோடு வரும் 636, அல்லது 389இல் மறையாக்கத்தைத் தொடங்கும் ஸ்டார்ட் டிஎல்எஸ். முகவரியில் ஐபி எண்ணைப் போடாமல், சர்வரின் அடையாளச் சான்றிதழில் உள்ள முழுப் பெயரைப் போடுங்கள். அதைச் சரிபார்க்க உதவும் நிறுவனத்தின் ரூட் சான்றிதழை மென்பொருளில் ஏற்றுங்கள். இணைப்பு கிடைக்கவில்லையே என்று ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’ என்பதை டிக் செய்தால், எந்த லேப்டாப்பும் நான்தான் டைரக்டரி சர்வர் என்று நடுவில் வந்து நிற்கலாம்.

நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. ஒரே அலுவலகத்தில் நான்கு கோவெண்டர், ஐந்து மூட்லி என்று ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் இருப்பார்கள். முழுப்பெயரை வைத்துத் தேடச் சொன்னால் இரண்டு பதிவு வந்து நிற்கும். சில மென்பொருள் மறுத்துவிடும், சில முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். டொமைனுக்குள் ஒருவருக்கே உரிய லாகின் பெயரான சாம் அக்கவுண்ட் நேமை (sAMAccountName) வைத்துத் தேடுங்கள். பயனர்களுக்கு அது 20 எழுத்துக்கு மேல் போகாது. நீளமான பெயர்க்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று பார்த்து உரிமை கொடுக்கும்போது, குரூப்புக்குள் குரூப் இருந்தால், மெம்பர் ஆஃப் (memberOf) என்று மட்டும் கேட்டால் உள்குரூப்பில் இருப்பவர் வரமாட்டார். 1.2.840.113556.1.4.1941 என்ற விதி எண்ணைத் தேடல் ஃபில்டரில் சேர்க்க வேண்டும். உரிமைக்குரிய எந்தக் குரூப்பிலும் இல்லாதவருக்கு எந்த உரிமையும் வேண்டாம்.

டெஸ்ட் பச்சை காட்டியதும் எழுந்து போய்விடாதீர்கள். தவறான பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். காலி பாஸ்வேர்டையும் கொடுத்துப் பாருங்கள். பெயர் இருந்து பாஸ்வேர்டு காலியாக வந்தால், அடையாளமற்ற இணைப்பு என்று எடுத்துக்கொண்டு 0 என்று பதில் தரும் சர்வர்கள் உண்டு. மென்பொருள் கவனிக்காவிட்டால் ஆள் உள்ளே. 49 வந்தால் கூடவே வரும் எண்ணையும் படியுங்கள்: 52e என்றால் பாஸ்வேர்டு தவறு, 532 பாஸ்வேர்டு காலாவதி, 533 அக்கவுண்ட் முடக்கம், 775 அக்கவுண்ட் பூட்டு.

டைரக்டரியை நம்பாமல் மென்பொருளிலேயே இருக்கும் லோக்கல் அக்கவுண்ட் ஒன்றையாவது தயவுசெய்து விட்டு வையுங்கள். மின்வெட்டில் தலைமை அலுவலக யூபிஎஸ் தீர்ந்து டைரக்டரி சர்வர் அணையும்; கிளை ரூட்டர்களைப் பார்த்தே ஆகவேண்டிய நேரமும் அதுதான். இரண்டாவது சர்வரையும் பட்டியலில் சேருங்கள். லோக்கல் பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் வையுங்கள். பிறகு ஒரு மாலை, இரண்டு சர்வர்களுக்கும் போகும் வழியை அடைத்துவிட்டு, உறையைப் பிரித்து நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் பாஸ்வேர்டை மாற்றிப் புது உறையில் போடுங்கள்.