அக்ரிமெண்ட் என்று சொல்லிக் கையெழுத்து கேட்டால்

போன பிசான நடவுக்கு முந்தி, சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சப்பைக்குள் ஒரு வக்கீல் நோட்டீஸ். “பக்கத்து வீட்டுப் பய டிராக்டரு எடுத்தான். சாட்சிக்கு ஒரு கையெழுத்துன்னான், போட்டேன். இப்பம் எங்கிட்ட ரூவா கேக்காவ, வக்கீலய்யா.”

கடன் தாள்களின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஆச்சி கையெழுத்துப் போட்ட தாளின் தலைப்பில் ‘கியாரண்டி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவர் சாட்சியாக நிற்கவில்லை, ஜாமீனாக நின்றிருக்கிறார். வீட்டில் எல்லாரும் அந்தத் தாளை ‘அக்ரிமெண்ட்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

நம்ம ஊரில் வாடகைச் சீட்டும் அக்ரிமெண்ட்தான், ஒத்திப் பத்திரமும் அக்ரிமெண்ட்தான், நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து எழுதிய தாளும் அக்ரிமெண்ட்தான். ஆனால் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் வேறு வேறு சொல் இருக்கும். அந்தச் சொற்கள் பிறந்த கதை தெரிந்தால் அவை என்ன செய்யும் என்பது மனசில் நிற்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கியாரண்டியும் வாரண்டியும் உடன்பிறப்புகள். பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று பிரான்ஸுக்குள் போய், ஒரு வட்டாரத்தில் ‘வ’ என்றும் இன்னொரு வட்டாரத்தில் ‘க’ என்றும் ஒலித்தது. ஆங்கிலம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. மிக்சி வாங்கும்போது அட்டை கொடுக்கிறார்களே, அந்த நினைப்பில் ‘கியாரண்டி’ என்றதும் நமக்கு ஏதோ லாபம் என்று தோன்றிவிடுகிறது. கடன் தாளில் கியாரண்டி கொடுப்பவர் நாம். வாங்கிக்கொள்பவர் கடன் கொடுத்தவர்.

ஜாமீன்தாரரைச் சட்டம் ‘ஷூரிட்டி’ என்கிறது. லத்தீனில் ‘சே’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. கவலையில்லாத நிலை என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். யாருக்குக் கவலை இல்லை? கடன் கொடுத்தவருக்கு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவில், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது, தாளில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய. வாங்கியவரை முதலில் விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

‘அக்ரி’ என்பது பழைய பிரெஞ்சில் ‘மனசுக்குப் பிடித்தபடி’ என்ற பொருளில் பிறந்த சொல். ‘காண்ட்ராக்ட்’ அப்படி இல்லை. சேர்த்து இழுப்பது என்பது அதன் வேர். வயலில் கலப்பையை இழுக்கும் டிராக்டருக்கும் அதே வேர்தான். நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ளக்கூடிய அக்ரிமெண்டையே சட்டம் காண்ட்ராக்ட் என்கிறது. கல்யாண வீட்டில் மாமா பாசத்தில் சொல்லும் “உனக்கு பைக் வாங்கித் தாரேன்” அந்தக் கணக்கில் வராது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘கன்சென்ட்’. சேர்ந்து உணர்வது என்று பொருள். நம்முடைய ‘சம்மதம்’ என்ற சொல்லிலும் ஒன்றுபட்ட எண்ணம் என்பதே உள்ளே இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதை அழகாகச் சொல்கிறது: இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் சம்மதம். ஆச்சி சாட்சி என்று நினைத்தார், கடன் கொடுத்தவர்கள் ஜாமீன் என்று எழுதினார்கள். சட்டம் இடம் தருகிறதே என்று கேட்கலாம். ஆனால், “கையெழுத்து என்னுடையதுதான், அர்த்தம்தான் தெரியாது” என்பதைக் கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் கப்பலேற்றப்பட்டவர்கள் கைநாட்டு வைத்ததும் அக்ரிமெண்ட்டில்தான். அந்தச் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆனது. ஐந்து வருஷ உழைப்புக்கு அவர்களைக் கட்டிப்போட்ட தாள் அது. அர்த்தம் புரியாமல் கைநாட்டு வைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நிலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுத்து எழுதும் கிரய அக்ரிமெண்ட்டால் மட்டும் நிலம் உங்களுடையது ஆகிவிடாது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பவர் கிரயம் எழுதித் தராவிட்டால், தாளில் அதற்கு நாள் குறித்திருந்தால் அன்றிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். “அவர் நம்ம அண்ணாச்சிதானே, எங்கே போகப்போகிறார்” என்று நாலாவது வருஷம் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பும்போது நெஞ்சு கனக்கிறது.

இப்போது என் மேசையில் யார் கையெழுத்துப் போட்டாலும், முதலில் தாளை மூடி வைத்துவிடுகிறேன். நீங்க என்ன கொடுக்கணும், எந்தத் தேதிக்குள்ள, கொடுக்காட்டா என்ன ஆகும்? இந்த மூன்றையும் அவர்கள் தங்கள் வாயால் சொன்ன பிறகுதான் பேனா. சொல்ல வராவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து இல்லை.

ஆச்சி ஆடு விற்றும் கம்மலை அடகு வைத்தும் தவணை தவணையாகக் கட்டி முடித்தார். கட்டிய ஜாமீன்தாரர் அந்தத் தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம், ஒப்பந்தச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது என்று எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவன் பிள்ளைய நாந்தானே குளிப்பாட்டுதேன், அவன் மேல எப்படிய்யா கேசு போடுவேன்?” என்றார். அந்தக் கேஸ் கட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.